இரவில் திக்கும் வீடியோ அழைப்பு: இணைய வேகத்தை எதை வைத்துக் கண்காணிப்பது?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு இருக்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறது. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டால் "வேகச் சோதனை செய்து பாருங்கள், எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். செய்து பார்த்தால் 90க்கு மேல்தான் காட்டுகிறது. நாள் முழுக்க வேகத்தைக் கண்காணித்துப் பதிவு செய்ய எந்த இலவச மென்பொருள் நல்லது? என்னிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி, வைஃபை இணைப்பு.

பதில்: 90க்கு மேல் காட்டுகிறது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் போதும். 90 கிடைத்தும் அழைப்பு திக்குகிறது என்றால், பெரும்பாலும் தரவு போய்த் திரும்பும் நேரம் ஏறி இறங்குகிறது, அல்லது நடுவழியில் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், தொலைகின்றன. சாதாரண வேகச் சோதனை காட்டும் அந்த ஒற்றைப் பெரிய எண்ணில் இது தெரியாது. ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது பிங் பதிவு: ஒரு முகவரிக்குச் சின்னத் தரவுத் துண்டை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளப்பதுதான் பிங். வேகப் பதிவு அப்புறம்தான்.

எதையும் நிறுவாமலே இன்றிரவு ஒன்றைச் செய்து பாருங்கள். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் ப்ராம்ட் சாளரம் இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பிங் கட்டளையை உங்கள் ரவுட்டரின் முகவரிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுளின் டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை எண் முகவரியாக மாற்றும் சேவை) முகவரிக்குக் கொடுங்கள். முகவரிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு, ஆங்கில ‘டி’ எழுத்தைச் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை விநாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த, கண்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்துங்கள், எத்தனை போயின, எத்தனை தொலைந்தன என்ற கணக்கையும் காட்டும்.

இந்த இரண்டையும் ஓடவிட்டபடி அழைப்பில் பேசுங்கள். குரல் திக்கும் அந்த நொடியில் எந்தச் சாளரத்தில் எண்கள் குதிக்கின்றன என்பதுதான் கேள்வி. ரவுட்டர் சாளரத்தில் வழக்கமாக 1, 2, 3 மில்லி விநாடி வரும். அங்கேயே 2, 3, 180, 2, 240 என்று தாறுமாறாக ஓடி, நடுநடுவே பதில் வரவில்லை என்ற வரியும் விழுந்தால், கோளாறு மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது, அதாவது வைஃபை. இரவில் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மும்முரமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது சகஜம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் கேபிள் போடுங்கள். இணைய நிறுவனத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. (எப்போதாவது ஒரு தடவை குதித்தால் விட்டுவிடுங்கள். பிங்குக்குப் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கடைசி வேலை.)

ரவுட்டர் சாளரம் அமைதியாக இருந்து, 8.8.8.8 மட்டும் 20இலிருந்து 300க்குத் தாவினால் கோளாறு ரவுட்டரைத் தாண்டி இருக்கிறது. சரி, உடனே நிறுவனத்தைக் கூப்பிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுக்காரர்களே இணைப்பை நிரப்பியிருக்கலாம். இரவில் எல்லோரும் கைப்பேசியைச் சார்ஜில் போடுகிறோம். அப்படிச் சார்ஜில், வைஃபையில், சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத்தான் பல கைப்பேசிகள் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். மேலேற்றும் வேகம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டால், உங்கள் குரல் ரவுட்டரின் வரிசையில் காத்துக் கிடக்கும். இதற்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர்.

இதைச் சோதிக்க நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஃபாஸ்ட்.காம் போதும். சோதனை முடிந்ததும் மேலும் விவரம் காட்டச் சொல்லும் பொத்தானை அழுத்தினால், இணைப்பு சும்மா இருக்கும்போது உள்ள தாமதம், நிரம்பி ஓடும்போது உள்ள தாமதம் என இரண்டு எண்கள் வரும். முதலாவது 20, இரண்டாவது 400 என்று இருந்தால் நோய் இதுதான். கிளவுட்ஃபிளேரின் வேகச் சோதனைப் பக்கமும் இதே விவரத்தோடு பாக்கெட் இழப்பையும் சேர்த்துக் காட்டும். மருந்து ரவுட்டரில் இருக்கிறது: வரிசையை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, உச்ச வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். அது இல்லாவிட்டால், அழைப்பு முடியும்வரை படங்கள் ஏறுவதை நிறுத்தி வைப்பதுதான் வழி.

இரண்டு சாளரங்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால் நிர்சாஃப்டின் பிங்இன்ஃபோவியூ என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. இலவசம். பல முகவரிகளை ஒரே சமயத்தில் பிங் செய்து பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். வழியில் எந்த இடத்தில் அடி விழுகிறது என்று பார்க்க வின்எம்டிஆர் என்ற மென்பொருள். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் ஒரு வரியாகக் காட்டும். ஆனால் இதைப் படிப்பதில் பலரும் சறுக்குவார்கள்: நடுவில் ஒரு வரியில் 40 சதவீத இழப்பு காட்டி, அதற்குக் கீழே உள்ள வரிகளில் இழப்பே இல்லை என்றால் அங்கே பழுது எதுவும் இல்லை. அந்த ரவுட்டர் பிங்கை மதிக்கவில்லை, அவ்வளவுதான். இழப்பு ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால் மட்டுமே கவலைப்படுங்கள். லினக்ஸ் கணினி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஸ்மோக்பிங் என்ற பிங் பதிவு மென்பொருளை நிறுவலாம். மாதக்கணக்கில் வரைபடம் போட்டு வைக்கும்.

இனி நீங்கள் கேட்ட வேகப் பதிவு. அதற்கு முன் ஒரு கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட். சோதனை பத்து விநாடி இறக்கி, பத்து விநாடி ஏற்றினால், ஏற்றும் வேகமும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 250 மெகாபைட். மணிக்கு ஒரு தடவை என்று விட்டால் ஒரு நாளைக்கு 6 ஜிபி, மாதத்துக்கு 180 ஜிபி. உங்கள் திட்டத்தில் தரவு வரம்பு இருந்தால் அதைக் கண்காணிப்பே தின்றுவிடும். போதாததற்கு, சோதனை ஓடும் அந்த இருபது விநாடியும் இணைப்பு நிரம்பி வழிவதால் அழைப்பும் திக்கும்! விநாடிக்கு ஒரு பிங் நாள் முழுக்க ஓடினாலும் சுமார் 10 மெகாபைட்தான் செலவு. ஆகவே வேகச் சோதனையை அதிகாலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

தானாக ஓட, ஊக்லா நிறுவனம் தன் ஸ்பீட்டெஸ்ட் என்ற வேகச் சோதனையைக் கட்டளை வரி வடிவிலும் தருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிட்டால் முடிவை எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும்படி அமைக்கலாம். கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: சோதனை சர்வரை எப்போதும் ஒன்றாகவே நிர்ணயித்துவிடுங்கள். தடவைக்குத் தடவை வேறு சர்வரைப் பிடித்தால், ஏற்ற இறக்கம் உங்கள் இணைப்புடையதா, அந்த சர்வருடையதா என்று சொல்லவே முடியாது. டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓடவிடும் கருவி) பழக்கம் உள்ளவர்கள் ஸ்பீட்டெஸ்ட் ட்ராக்கரைப் போட்டால் இதே வேலையை அழகான வரைபடத்தோடு செய்யும். ராஸ்பெர்ரி பை 3பி என்ற பழைய குட்டிக் கணினியில் போடாதீர்கள், அதன் ஈதர்நெட் (கேபிள் செருகும் போர்ட்) 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

அதே காரணத்தால் இன்னொரு குறிப்பு: 200, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிய பிறகும் கேபிளில் 94 என்ற எண்ணிலேயே முடிவு நின்றால், நிறுவனத்தைத் திட்டாதீர்கள். எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நிற்கும் பழைய வகை, அல்லது கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது.

ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். ஊக்லா பக்கத்து சர்வரோடு பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கும். எம்-லேப் என்ற இணைய ஆய்வுத் திட்டத்தின் சோதனை ஒரே இணைப்பில் அளப்பதால் பல சமயம் குறைவாகக் காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை, அளக்கும் விதம்தான் வேறு. எம்-லேப் முடிவுகளை உங்கள் ஐபி முகவரியோடு பொதுவில் வெளியிடும் என்பதையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

டாஸ்க்பாரில் ஓயாமல் எண் ஓடும் ட்ராஃபிக்மானிட்டர் போன்றவற்றையும் ‘வேகம் காட்டும் மென்பொருள்’ என்றே பட்டியல்களில் போடுவார்கள். அவை காட்டுவது இணைப்பின் திறனை அல்ல, அந்தக் கணினி இப்போது எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை. தொலைக்காட்சி இறக்குவதும் கைப்பேசி ஏற்றுவதும் அதில் தெரியாது; வீட்டின் மொத்தக் கணக்கு ரவுட்டருக்குத்தான் தெரியும். உங்கள் பிரச்சினைக்கு இவை உதவா. பட்டியல்களில் நெட்வொர்க்ஸ் (NetWorx) என்ற மென்பொருளும் இலவசம் என்று இருக்கும். இப்போதைய பதிப்புகள் காசு கேட்கும். வேகத்தை ‘கூட்டித் தருகிறேன்’ என்று சொல்லும் எதையும் நிறுவாதீர்கள். மற்றவற்றைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

வீட்டுக்குள் குறை இல்லை என்று உறுதியானால், மடிக்கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஒரு வாரம் பதிவெடுங்கள். வைஃபையில் எடுத்த பதிவை எந்த நிறுவனமும் ஏற்காது, அது நியாயமும்கூட. மடிக்கணினி தூங்கிவிடாதபடி அமைப்பையும் மாற்றி வையுங்கள். ரவுட்டரின் பிங்கையும் வெளி முகவரியின் பிங்கையும் தேதி, நேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால் "எங்கள் பக்கம் சரி" என்று சொல்வது அவர்களுக்குக் கடினம். இடையில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், போடுங்கள். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த இடைவெளியும் பதிவில் பழுது போலவே தெரியும்.