பெங்களூரா மாம்பழ விலை விழுந்த பிறகு வைப்புத்தொகையை எடுக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு உள்ளது. 2025 பருவத்தில் கிலோ ஐந்து ரூபாய்க்கு மேல் கேட்க ஆளில்லை. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே அது சரியாகிவிட்டது. வெளியில் 3 லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். மகள் திருமணத்துக்கென 5 லட்சம் ரூபாய் வங்கியில் 6.5 சதவீத வட்டியில் இருக்கிறது. அரசு உதவி வந்தபின் கடனை அடைக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம்; மாதம் 6,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகிறது. அதே 3 லட்சத்துக்கு வங்கி தருவது 19,500 ரூபாய்தான். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி பிடிக்கும் சிறு தொகையைக் கழித்தாலும், வைப்புத்தொகையிலிருந்து 3 லட்சத்தை எடுத்துக் கடனை முடிப்பதே லாபம். திருமணப் பணத்தில் கை வைப்பது மனத்துக்குச் சங்கடம்தான். ஆனால் அந்தப் பணத்தை இப்போது அரிப்பதும் இந்த வட்டியே.

அரசு உதவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் மா இல்லை. விலை சரியும்போது, மாநில அரசு கேட்டுக்கொண்டால், சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் மத்திய, மாநில அரசுகள் சுமையைப் பாதிப் பாதியாக ஏற்கின்றன. அந்த வழியில்தான் 2025 ஜூனில் கர்நாடக மாவுக்குக் குவிண்டால் 1,616 ரூபாய் என நிர்ணயித்து, 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசம் ஈடுகட்டப்படும் என அறிவிக்கப்பட்டது. இதே கோரிக்கையோடு தமிழ்நாடு முதலமைச்சரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பேரிகையைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே ரகம், ஒரே வெயில், ஆனால் எல்லைக்கோட்டின் இருபுறமும் விவசாயிக்குக் கிடைப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விலை விழுந்த பிறகு பிறக்கும் இத்தகைய முடிவை வீட்டுக் கணக்கில் வரவாக எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு பானங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பெங்களூராவை வாங்கும் மாங்கூழ் ஆலைகளுக்கு அது நல்ல செய்தி. அதில் எவ்வளவு தோப்புக்கு வந்து சேரும் என்பது ஆலைக் கிட்டங்கியில் தேங்கியிருக்கும் பழைய கூழைப் பொறுத்தது.

அடுத்த பருவச் செலவுக்கு மறுபடி வெளியில் கை நீட்டாதீர்கள். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மாவுக்குப் பயிர்க்கடன் உண்டா, ஏக்கருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியில்லை. மரங்களை மொத்தமாக வெட்டும் எண்ணமிருந்தால் ஒத்திப்போடுங்கள். ஓர் ஏக்கரில் மட்டும் தலையை வெட்டி வேறு ரகம் ஒட்டுக்கட்டிப் பாருங்கள். விற்கும் ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டை வாங்கிப் பட்டா, அடங்கல் நகலோடு ஒரே உறையில் வையுங்கள். நிவாரணம் அறிவித்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.