நுண்ணுயிர்களை வளர்க்க அகர் ஜெல்லியை ஏன் பயன்படுத்துகிறார்கள்?

அகர் என்பது சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் கூழ்மப் பொருள். கோவை, ஈரோட்டு மளிகைக் கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைப்பதும் அதுவே. நூறு மில்லி நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கலந்து கொதிக்கவைத்து ஆறவிட்டால், 40 டிகிரிக்குக் கீழே அது உறைகிறது. உறைந்தபின் மீண்டும் உருக 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் அதன் அருமை இருக்கிறது. முன்பு பயன்பட்ட ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கூழ்மப் பொருள்), உடல் வெப்பமான 37 டிகிரியில் இளகிவிடும் (ஈரோட்டுச் சித்திரை வெயிலே அதற்குப் போதும்). போதாததற்குப் பல பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீராக்கிவிடும். ஜாம் செய்வதில் அகரைப் பயன்படுத்தி அறிந்திருந்த ஃபேனி ஹெஸ்ஸே (ஆய்வாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி) சொன்ன யோசனையால், 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அகர் இடம்பிடித்தது.

பவானி ஆற்றில் தூவிய விதை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நாற்றங்காலில் தூவினால் விழுந்த இடத்திலேயே முளைக்கும். அவ்வாறே, திரவத்தில் கலந்து அலையாமல், உறைந்த அகர்ப் பரப்பில் தனித்து விழுந்த ஒரு நுண்ணுயிர் அங்கேயே பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. அதை மட்டும் ஊசிமுனையால் தொட்டெடுத்து, வேறு எதுவும் கலவாமல் வளர்க்கலாம்.

அகரே நுண்ணுயிர்களுக்கு உணவு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதைச் செரிக்கவே முடியாது, உணவாவது அதனுடன் சேர்க்கப்படும் இறைச்சிச் சாறும் சர்க்கரையும் போன்றவையே.