ஓடையில் கொண்டிஸ் போடலாமா?

கேள்வி: ஐயா, கித்துல்கலைப் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் தேயிலை. அடியில் ஓடை. கரை மரங்களைப் போன வருசம் வெட்டி இன்னும் இரண்டு வரிசை நட்டேன். கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்த அன்று பின்னேரமே ஓடையில் சின்ன மீன்களும் இறாலும் செத்துக் கிடந்தன. சில மீன்கள் கருஞ்சிவப்பு, உடம்பில் கறுப்புப் பட்டை. மருந்துக் கடையில், "மீனுக்கு நோய், கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு) போடுங்க" என்கிறார்கள். எத்தனை கிராம்? பிறகு திலாப்பியாக் குஞ்சு விடலாமா?

பதில்: தம்பி, ஒரு கிராமும் வேண்டாம். நோய் என்றால் பல நாளாக ஒன்றிரண்டாகச் சாகும். மீனும் இறாலும் ஒரே பின்னேரத்தில் செத்தால் அது நஞ்சு. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "மருந்து அடித்த டாங்கியை எங்கே கழுவினேன்?" என்றுதான். ஓடையில்தானே?

நம் மலை ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் செம்பின் நஞ்சு மீனின் செவுளைக் கடுமையாகத் தாக்கும். "செம்பு பழைய மருந்து, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்பவர் உங்கள் ஓடையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கடையில் மீனுக்கு வைத்தியம் கேட்காதீர்கள். தண்ணீரை வாளியில் மேலே கொண்டுபோய்க் கலக்குங்கள். டாங்கி கழுவிய தண்ணீரையும் தேயிலைக்கே அடியுங்கள். டாங்கி ஓடைக்கரைக்கே இறங்கக் கூடாது.

நீங்கள் சொன்ன கருஞ்சிவப்பு மீன், சிங்களத்தில் 'புலத் ஹப்பயா' என்கிற மீன். வெற்றிலை மென்றவன் என்று அர்த்தம்; முட்டைக் காலத்தில் ஆணுக்கு அந்தச் சிவப்பு வரும். இலங்கையில் களனி முதல் நில்வளா வரையுள்ள ஈரவலய (மழை மிகுந்த தென்மேற்குப் பகுதி) ஆறுகளுக்கே உரியது, உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. விரல் நீளம்தான். கல்லில் பிடித்த பாசியும் மக்கிய இலைத்துகளும்தான் சாப்பாடு. நிழலும் குளிர்ந்த தெளிந்த தண்ணீரும் வேண்டும். நீங்கள் வெட்டிய மரங்கள்தான் அதற்கு நிழலும் தந்தன, இலையும் தந்தன. இப்போது மழைக்கு மண் கரைந்து வந்து, ஓடையின் அடியிலுள்ள சரளைக் கல்லை மூடும்.

அதனால் சொல்கிறேன், கரையோரம் புதிதாக நட்ட இரண்டு வரிசையையும் விட்டுக்கொடுங்கள். அந்த இடத்தில் மண்ணைப் பிடிக்கும் மானாப் புல் வையுங்கள், தண்ணீரை ஒட்டி ஜம்பு, கித்துள் (கூந்தற்பனை) மரங்கள் நடுங்கள். இரண்டு வரிசைக் கொழுந்தால் வரும் காசைவிட, ஓடைக்குப் போகும் மேல்மண் உங்களுக்குப் பெரிய நட்டம்.

திலாப்பியா 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குளத்து மீன். ஓடையில் விடவே விடாதீர்கள், குஞ்சு விற்பவர் என்ன சொன்னாலும் சரி. மேலே உள்ள காணிக்காரரிடமும் டாங்கி விஷயத்தைப் பேசுங்கள். அங்கே மீன் மிச்சமிருந்தால், தண்ணீர் சுத்தமானதும் உங்கள் பக்கம் தானாக இறங்கி வரும்.