கையால் செய்த சீட்டுக்கட்டு ஒட்டிக்கொள்கிறதா? பூச்சை மாற்றுங்கள்

வணக்கம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையில் இங்க்ஜெட்டில் அச்சடித்து, முன்பக்கம் மட்டும் வெள்ளைப் பசையைக் கரைத்துப் பூசிய சீட்டுகள் மயிலாடுதுறை ஐப்பசி மழையில் ஒட்டுகின்றன, வளைகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் பசை. காய்ந்த பிறகும் ஈரக்காற்றிலும் விரல் வியர்வையிலும் அது இளகிவிடும். வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பூசியது.

பசைக்குப் பதிலாக, பெயின்ட் கடையில் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே (நிறமில்லாத பூச்சு) கேளுங்கள். மேட் வகைதான் வேண்டும், பளபளப்பு வகை சீட்டோடு சீட்டை இழுக்கும். அச்சு ஒரு நாள் காயட்டும். சீட்டுகளை வெட்டிய பிறகு அடித்தால் ஓரமும் மூடும். 25 முதல் 30 செ.மீ. தள்ளி, மெல்லிசாக மூன்று பூச்சு, இடையில் 15 நிமிடம். பின்பக்கமும் அதே மூன்று. திறந்த வெளியில் அடியுங்கள். முதலில் ஒரு கழிவுச் சீட்டில் பாருங்கள், சில மைகள் கரையும்.

நம் பக்கத்துக் கஷ்டம் ஒன்று உண்டு. மழை நாளில் அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் சட்டென ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். வெயில் நாளில் 11 மணிக்கு மேல் அடியுங்கள். ஒரு வாரம் கழித்தே அடுக்குங்கள்.

125 மைக்ரான் பவுச் லேமினேஷன் (சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டுவது) வேண்டாம். இரு பக்கமும் சேர்த்து 52 சீட்டுக்கு 13 மி.மீ. உயரம் கூடும், கலைக்கவே முடியாது.