ஆய்வு விருதுக்கு அனுப்பும் முன்: வாசகர் கேள்விகள்

பண்பாட்டிடைத் தொடர்பியலில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். வெளிநாட்டுச் சங்கங்களின் சிறந்த ஆய்வேட்டு விருதுக்கு இங்கிருந்து முயலலாமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

தாராளமாக முயலலாம். வெவ்வேறு பண்பாட்டினர் ஒருவரோடொருவர் எப்படித் தொடர்புகொள்கிறார்கள் என்று ஆராயும் இத்துறையில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: 1950-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனின் பண்பாட்டிடைத் தொடர்பியல் பிரிவு, 1914-இல் தொடங்கிய அமெரிக்காவின் நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனில் உள்ள பன்னாட்டு, பண்பாட்டிடைத் தொடர்பியல் பிரிவு. உறுப்பினராக இருக்க வேண்டுமா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். முதல் சங்கத்தில் உறுப்பினர் கட்டணம் நாட்டின் பொருளாதார நிலைக்கேற்ப மாறும், நமக்குக் குறைவு.

நம் மாணவர்கள் பெரும்பாலும் தேதியில்தான் கோட்டை விடுகிறார்கள். அறிவிப்பு கேட்பது ஆய்வேட்டை முடித்த காலம். நம் ஊரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, புறத்தேர்வாளர் அறிக்கை வந்து, வாய்மொழித் தேர்வு நடக்கப் பல மாதம் ஆகிவிடும். சமர்ப்பித்த நாளை வைத்து விண்ணப்பித்தால் தகுதிக் காலத்துக்கு வெளியே போய்விடலாம். வாய்மொழித் தேர்வு நாளையா, பட்டம் பெற்ற நாளையா, எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று பிரிவின் பொறுப்பாளருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். தற்காலிகச் சான்றிதழையும் உடனே வாங்கி வையுங்கள்.

அடுத்தது ஆய்வேட்டின் சுருக்கம். நடுவர் முதலில் படிப்பது அதைத்தான். 'தகவல் தொடர்பு மனித வாழ்வின் அடிப்படை' என்று தொடங்கினால் முதல் பத்தி வீண். 'மேற்பார்வையாளர் சொன்னது புரியாதபோதும் சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்துத் தமிழ்த் தொழிலாளர் ஏன் தலையாட்டுகிறார்?' என்பதுபோல, உங்கள் ஆய்வின் கேள்வியையே முதல் வரியில் வையுங்கள். பிறகு யாரிடம், எத்தனை பேரிடம், எந்த மொழியில் பேசினீர்கள், இதுவரை இருந்த கோட்பாட்டில் எதை மாற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பகுதிக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். களத்தை நன்றாக விவரித்துவிட்டு, அதனால் கோட்பாட்டுக்கு என்ன லாபம் என்று சொல்லாத ஆய்வேடு, எவ்வளவு உழைத்து எழுதியதானாலும் பின்தங்கிவிடும்.

நெறியாளர் கடிதத்தில் 'கடும் உழைப்பாளி, பண்பானவர்' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. ஆய்வில் புதிதாக உள்ளதை ஒரு பக்கத்தில் குறித்து, மூன்று வாரம் முன்பே அவரிடம் கொடுங்கள். பெயர் நீக்கி அனுப்பச் சொன்னால் முகப்பிலும் நன்றியுரையிலும் நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். கணினிக் கோப்பின் விவரங்களிலும் (File Properties) 'எனது முந்தைய கட்டுரையில்' போன்ற வரிகளிலும் பெயர் ஒளிந்திருக்கும்.

'சர்வதேசச் சிறந்த ஆய்வாளர் விருதுக்குத் தேர்வாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் செலுத்தவும்' என்று மின்னஞ்சல் வந்துள்ளது. நம்பலாமா?
– உதவிப் பேராசிரியர், சேலம்

வேண்டாம். விண்ணப்பிக்காமலே தேர்வு, நடுவர் யாரென்ற விவரம் இல்லை, துறை எதுவானாலும் ஒரே விருது, கையோடு கட்டணம்: இவை சேர்ந்து வந்தால் அது விற்பனை. உறுப்பினர் கட்டணம், மாநாட்டுக் கட்டணம் வாங்குவது வேறு. விருதுக்கே விலை வைப்பது வேறு.

என் ஆய்வேடு தமிழில் உள்ளது. முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஆய்வேட்டு விருதுக்கு ஆங்கிலத்தில் கேட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்தச் செலவை முதலிலேயே செய்ய வேண்டாம். வலுவான பகுப்பாய்வு இயல் ஒன்றை ஆங்கிலத்தில் தனிக் கட்டுரையாக்கி மாநாட்டுக்கு அனுப்புங்கள். சிறந்த கட்டுரை விருதுக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம் கிடையாது. மதிப்பீட்டில் முன்னிற்கும் கட்டுரைகளிலிருந்தே தேர்வு நடக்கும். மாணவர் கட்டுரை என்று குறிப்பிடுவதானால் எழுதிய அனைவரும் மாணவராக இருக்க வேண்டும். நெறியாளர் பெயரைச் சேர்த்தால் அந்தத் தகுதி போய்விடும்.

நேர்காணல் வரிகளைத் தமிழிலேயே கொடுத்து, அடியில் மொழிபெயர்ப்பைத் தாருங்கள். 'நீங்க', 'நீ' மாறும் இடத்தை ஒரே ஆங்கிலச் சொல்லில் கரைத்துவிட்டால், மரியாதை பற்றிய உங்கள் வாதத்துக்கு நடுவர் கண்ணில் சான்றே இருக்காது.