ஓநாய்க் கூட்டத்தில் 'ஆல்ஃபா' என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?

கேள்வி இதுதான்: ஓநாய்க் கூட்டத்தில் பலசாலியான ஓர் 'ஆல்ஃபா' மற்றவற்றை எல்லாம் அடக்கி ஆளும், மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜமில்லை. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இந்த வருஷத்துக் குட்டிகள், போன வருஷத்துப் பிள்ளைகளில் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பாதவை. அவையும் இரண்டு மூன்று வயதுக்குள் பெரும்பாலும் துணை தேடிப் போய்விடும். தலைமைக்காக ஒன்றை ஒன்று கடித்துத் தள்ள அங்கே அவசியமே இல்லை. பெற்றவர்கள் முன்னால் நடக்கிறார்கள், பிள்ளைகள் பின்னால் போகிறார்கள்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டு நாய் செவலை. ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது, தட்டருகே யார் போனாலும் உறுமும். பழக்க வந்தவர், "நீங்கதான் ஆல்ஃபான்னு அதுக்குப் புரியணும் சார், ஓநாய் இப்படித்தான் செய்யும்" என்று சொல்லி, அதைப் புரட்டி மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். நானும் செய்தேன். நாலாவது நாள் என் கை பட்டதுமே செவலை சிறுநீர் விட்டுவிட்டது. கண்ணின் வெள்ளை தெரிய முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூக்கை நக்கிக்கொண்டே கிடந்தது. அது பணிவு இல்லை, பயம். அந்த முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஓநாய் உண்மையில் என்னதான் செய்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இந்த நம்பிக்கையின் வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் பாசல் நகர உயிரியல் பூங்காவில் இருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்பு, அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. பிடிக்காவிட்டால் விலகிப் போக வழி கிடையாது. அங்கே சண்டை வராமல் என்ன செய்யும்? அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு அதே மீச் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், 1986 முதல் கோடைதோறும் காட்டு ஓநாய்களை மிக அருகில் இருந்து பார்த்தார். கூட்டம் என்பது குடும்பம்தான், பெற்றோரை 'ஆல்ஃபா' என்று அழைப்பதில் பொருளில்லை என்று 1999இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் பல வருஷம் கேட்டு, 2022இல்தான் அது நின்றது. தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த புத்தகத்தையே நிறுத்தச் சொன்னவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

படித்ததைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது மகாராஷ்டிராவின் சோலாப்பூரில். வேலைக்காக அங்கே மூன்று வருஷம் இருந்தேன். நான்னஜ் பக்கத்துப் புல்வெளிகளில் நம் நாட்டு ஓநாய் இருக்கிறது. படங்களில் வருகிற பனிக்காட்டு ஓநாய் மாதிரி சடை கிடையாது. இருபது கிலோ சுமாருக்கு ஒல்லியாக, நீளக் காலோடு, காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. (முதுமலையில் எடுத்த செந்நாய்ப் படத்தைப் போட்டு 'ஓநாய்' என்று எழுதுகிறார்கள். செந்நாய் வேறு இனம்.)

ஒரு பிப்ரவரி விடியல். கிடை போட்டிருந்த தங்கர் இடையர் ஒருவர் கூட இருந்தார். பெரியவர்களை அங்கே கூப்பிடுகிற மாதிரி நானும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். அறுத்துக் கிடந்த சோளக்காட்டு ஓரமாக ஓர் ஓநாய் வயிறு கனக்க நடந்து வந்தது. வரப்பில் படுத்திருந்த இன்னொன்று, கிட்டத்தட்ட அதே உயரம், எழுந்து உடம்பைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தாழ்ந்த வாலைப் பின்பக்கத்தோடு சேர்த்து ஆட்டியபடி போய், நடந்து வந்த ஓநாயின் கடைவாயை நக்கியது.

"அதுதான் கூட்டத்திலேயே கீழ்ப்பட்டதோ மாமா?" என்றேன்.

"கீழ்ப்பட்டதா? போன வருஷத்துக் குட்டி அது. இந்த ஓடைக்கரையிலதான் பிறந்துச்சு. அப்பன்கிட்டப் பசிக்குதுன்னு கேட்குது" என்றார் மராத்தியில். அந்த மாதம் மட்டும் அவருடைய இரண்டு ஆட்டுக்குட்டிகளை இந்த ஓநாய்கள் தூக்கியிருந்தன. அப்படியும் யார் யாருக்குப் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பைனாகுலரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புதரடியிலிருந்து மூன்று சின்னக் குட்டிகள் உருண்டு ஓடி வந்தன. அவையும் அதே கடைவாயைத்தான் மோதி மோதி நக்கின. அப்பன் தலையைக் குனிந்து, விலா இரண்டு முறை குலுங்க, தின்றுவந்த கறியைக் கக்கிக் கொடுத்தது. நிமிஷத்தில் தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஓநாயின் உடல்மொழியில் நாம் 'அடிபணிதல்' என்று படிப்பதில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. கடைவாயை நக்குவது குட்டிப் பருவத்தில் சோறு கேட்ட பழக்கம், பெரிதானபின் வணக்கம் சொல்வதாக நிலைத்துவிடுகிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது, தாய் குட்டியைப் புரட்டி நக்கிச் சுத்தம் செய்த நாளின் மிச்சம். இதை 1967இல் எழுதியவர் வேறு யாருமில்லை, அதே ஷெங்கல்தான். மல்லாந்து படுக்கிற ஓநாய் தானாகப் படுக்கிறது. என்னை மாதிரி யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. வால் உயர்ந்து, காது முன்னால் நிமிர்ந்து, பிடரி மயிர் சிலிர்த்தால் அது எச்சரிக்கை. முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. நாய் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த மொழிதான்.

நம் பேச்சில் ஓநாய்க்கு நல்ல பெயர் கிடையாது. 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்கிறோம். ஆடு வைத்திருந்தவர்கள் சொன்ன வார்த்தை, அவர்கள் இழப்பு அதில் இருக்கிறது. 'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்' மத்தேயு சுவிசேஷத்தில் இருந்து வந்தது. ஆனால் ரோமாபுரியை நிறுவிய இரட்டையருக்குப் பால் கொடுத்தது ஒரு பெண் ஓநாய். மங்கோலியர் செங்கிஸ்கானின் வம்சத்தையே ஒரு சாம்பல்நீல ஓநாயில் தொடங்குகிறார்கள். ரிக் வேதத்தில் ரிஜ்ராஷ்வன் என்பவன் நூறு ஆடுகளை ஒரு பெண் ஓநாய்க்குக் கொடுத்துவிட, தந்தை அவன் கண்ணைக் குருடாக்குகிறார். அவனுக்காக தேவ வைத்தியர்களான அஸ்வினி தேவர்களைக் கூப்பிடுவது அந்த ஓநாய்தான். எனக்கு மிகவும் பிடித்தது பீமனின் பெயர்: விருகோதரன், ஓநாய் வயிறு உடையவன். அவன் தீராத பசிக்காக வந்த பெயர் அது. சோலாப்பூருக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் குனிந்து கக்கிக் கொடுத்த அப்பன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய் தாக்கிக் குழந்தைகள் இறந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பங்களிடம் போய் ஓநாய் நல்லது என்று யாரும் பேச முடியாது. அதே சமயம், நாட்டில் சுமார் 3,100 ஓநாய்கள்தான் இருக்கின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வனவிலங்குச் சட்டப்படி புலிக்கு உள்ள அதே உச்சப் பாதுகாப்பு (முதல் அட்டவணை) இதற்கும் உண்டு. ஆனால் அது வாழும் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்திருப்பதால் அதைக் காப்பாற்ற ஆளில்லை.

பார்க்க ஆசை இருந்தால் நான்னஜ், கர்நாடகத்தின் கொப்பள், குஜராத்தின் வேளாவதர் போகலாம். குளிர்காலத்தில் குட்டிகள் இருக்கும். பொந்துப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஆள் வந்தது தெரிந்தால், தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடிக் கிளம்பிவிடும். வழியில் நாய்கள் இருக்கும், சாலை இருக்கும்.