அலெக்சாண்ட்ரோவிச்சின் சென்னை ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். அரசியலமைப்புச் சட்டம், சர்வதேசச் சட்டம் இரண்டுமே பிடிக்கும். ஆனால் இரண்டிலும் கால் வைத்தால் எதிலும் மேலே வர முடியாது, ஒன்றை விட்டுவிடு என்கிறார்கள். இரண்டிலும் உருப்படியாக வேலை செய்த அறிஞர்கள் யாராவது உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. அவர்களில் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச். 1902-ல் லெம்பெர்க் நகரில், இன்றைய உக்ரைனின் லிவிவில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, இந்த இரண்டு சட்டங்களுக்கும் சேர்த்தே ஒரு துறையைத் தொடங்கினார். 1961-ல் சிட்னிக்குப் போனார்.

நம் அரசியலமைப்பு அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்தியா உண்மையில் கூட்டாட்சிதானா என்று 1954-லேயே கட்டுரை எழுதினார். 1957-ல் இந்திய அரசியலமைப்பின் வளர்ச்சி பற்றித் தனி நூலே வந்தது. அதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம், டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் ஆசிய மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் சேர்த்த சான்றுகள் சொல்வது இது: 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் இந்த மன்னர்களை இறையாண்மை உள்ளவர்களாகவே மதித்துக் கையெழுத்திட்டார்கள். இவர்களைச் சர்வதேசச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது 19ஆம் நூற்றாண்டுக் கோட்பாடு. 1967-ல் வந்த அவருடைய முக்கிய நூலின் மையமே இதுதான்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. 1947-ல் பிறந்தது புதிய அரசா, அல்லது பழைய இறையாண்மைக்குத் திரும்பிய அரசா? 1969-ல் அவர் இந்தக் கேள்வியையே எடுத்து எழுதினார். அரசியலமைப்பை மட்டும் படித்தவரிடமோ ஒப்பந்தங்களை மட்டும் படித்தவரிடமோ இதற்கு முழுப் பதில் இருக்காது. ஒன்றை விட்டிருந்தால் அவர் இந்தக் கேள்விக்கே வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. கடல் எல்லோருக்கும் பொது என்று 1609-ல் டச்சு சட்ட அறிஞர் குரோஷியஸ் எழுதியதற்கு இந்தியப் பெருங்கடலின் வழக்கமும் ஒரு தூண்டுதல் என்றார். அதற்கு நேரடிச் சான்று குறைவு. ஒப்பந்தங்களிலும் சமத்துவம் மட்டும் இல்லை; மிளகை எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற மிரட்டலும் இருந்தது. ஆனால் ஆசிய அரசுகள் சட்டத்தின் முன் அரசுகளாகவே நின்றன என்ற அவருடைய அடிப்படை வாதத்தை இவை அசைக்கவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? முன்பு போர்த்துகீசியர் வசம் இருந்த தாத்ரா, நாகர் ஹவேலி பகுதிகளுக்குப் போகும் வழி பற்றிப் போர்ச்சுகல் இந்தியா மீது தொடுத்த வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 1960-ல் தந்த தீர்ப்பைப் படியுங்கள். 1779-ல் போர்த்துகீசியர்கள் மராத்தியர்களோடு செய்த ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்வி அதில் வருகிறது. பின்னால் வளர்ந்த நடைமுறைகளை அளவுகோலாக வைத்து அதை எடைபோடக் கூடாது என்றது நீதிமன்றம். அந்த ஒப்பந்தம் போர்ச்சுகலுக்குத் தந்தது வருவாய் உரிமை மட்டுமே, இறையாண்மை அல்ல என்றும் சொன்னது. அதை முடித்துவிட்டு, அவருடைய 1967 நூலுக்கு வாருங்கள். அப்புறம், போர்த்துகீசியமோ டச்சோ படிக்க இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். மூல ஒப்பந்தங்கள் அந்த மொழிகளில் இருக்கின்றன.